நாகரத்தினம்மாளைப் பார்க்கத் திருவையாறு: முதல்முறை போகிறவர்களுக்கு

திருவையாறு என்றதும் நமக்குத் தியாகராஜர்தான். ஜனவரி வந்தால் தூர்தர்ஷனில் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்னம் என்கிற அவருடைய ஐந்து கீர்த்தனைகளைப் பாடுகிற காட்சி. ஊருக்கு நேரில் போகிறவர்களும் சமாதியைக் கும்பிட்டு, காவிரியை எட்டிப் பார்த்து, அசோகா அல்வா வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தச் சந்நிதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அம்மாளைப் பலர் கவனிப்பதே இல்லை. கவனித்தாலும் யாரோ ஒரு பக்தை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர்கள் கும்பிட்டுவிட்டு வந்த கோயிலைக் கட்டியவரே அவர்தான்.

இந்தக் குறிப்புகள் அவருக்காகத் திருவையாறு போகிறவர்களுக்கு. தியாகராஜரை விட்டுவிடச் சொல்லவில்லை, விடவும் முடியாது. அந்த அம்மாளே விடவில்லை. எதை முதலில் பார்ப்பது, எங்கே கூடுதல் நேரம் நிற்பது என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். ராகம் கண்டுபிடிக்கத் தெரியவேண்டும் என்கிற அவசியமெல்லாம் இல்லை. கச்சேரி பக்கமே போகாதவர்களும் போகலாம்.

கிளம்புவதற்கு முன்னால்

போகிற இடத்தில் பெரிய அருங்காட்சியகமோ, காதில் மாட்டிக் கேட்கிற விளக்கமோ கிடையாது. கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே இருப்பவை கண்ணில் படும். அதனால் முதல் வேலை, அவர் யார் என்று தெரிந்துகொள்வது.

1878-ல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி மரபு. அம்மா புட்டலட்சுமிதான் வளர்த்தார். சின்ன வயதிலேயே சமஸ்கிருதம் படித்தார், அப்புறம் பெங்களூரில் முனுசாமப்பா என்கிற வித்வானிடம் பாட்டு. அந்த முனுசாமப்பா தியாகராஜரின் சிஷ்ய பரம்பரையில் வந்தவர். நாகரத்தினம்மாளுக்கும் தியாகராஜருக்கும் உள்ள உறவு இங்கே தொடங்குகிறது. சென்னைக்கு வந்த பிறகு கச்சேரிகளில் பெரும்பேர், நல்ல பணம். கிராமபோன் தட்டுகள் வந்த ஆரம்ப காலத்திலேயே பாடிப் பதிந்தவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொரு கதையும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி என்கிற தேவதாசி, தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்றொரு காவியம் எழுதியிருந்தார். அது அச்சில் வந்தபோது சில பகுதிகளை வெட்டிவிட்டிருந்தார்கள். நாகரத்தினம்மாள் மூலப் பிரதியைத் தேடிப் பிடித்து 1910-ல் முழுசாக அச்சிட வைத்தார். ஆபாசம் என்று கூச்சல் கிளம்பி, பிரிட்டிஷ் அரசு புத்தகத்தைத் தடை செய்தது. தடை நீங்கியது நாடு விடுதலை அடைந்த காலத்தில்தான். திருவையாற்றில் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சிலையைப் பார்த்தால், இந்த அம்மாள் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர் என்று தோன்றாது. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

1921-ல் அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா. தியாகராஜர் சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று செய்தி. தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. அவருடைய சிஷ்யர்களான உமையாள்புரம் சகோதரர்கள் 1900களின் தொடக்கத்தில் அந்த இடத்தைக் கண்டு சீர்படுத்தியிருந்தார்கள். அவர் மறைந்த திதியில் பாடி அஞ்சலி செய்கிற ஆராதனையும் வருஷா வருஷம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சமாதிக்குக் கூரை, கோயில் எதுவும் இல்லை. நாகரத்தினம்மாள் நிலத்தை வாங்கினார், சொந்தப் பணத்தைப் போட்டுச் சந்நிதியைக் கட்டினார், தியாகராஜர் சிலையைப் பிரதிஷ்டை செய்தார். 1920களின் நடுவில் கோயில் எழும்பிவிட்டது.

கட்டிய கோயிலில் அவரைப் பாட விடவில்லை. ஆராதனை அப்போது பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு அணிகளின் கையில் இருந்தது. இரண்டுக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், பெண்கள் பாடக்கூடாது என்பது. 1927-ல் நாகரத்தினம்மாள் பெண் கலைஞர்களைத் திரட்டி மூன்றாவதாகப் பெண்கள் கட்சி ஒன்றை ஆரம்பித்தார். சந்நிதியின் பின்பக்கம் அவர்களுடைய ஆராதனை நடந்தது. 1940-41 வாக்கில்தான் மூன்று கட்சியும் ஒன்றாகின. இன்று தொலைக்காட்சியில் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள் என்று உட்கார்ந்து சேர்ந்து பாடுகிறார்களே, அது அதற்குப் பிறகு வந்தது.

இவ்வளவு தெரிந்தால் போதும். கூடவே இரண்டு விஷயம் கேட்டுவிட்டுப் போங்கள். ஒன்று, நாகரத்தினம்மாளின் பழைய பதிவு ஏதாவது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். இரைச்சல் பலமாக இருக்கும், பாட்டும் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடக் குறைய முடிந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பஞ்சரத்னத்தில் கடைசியாக வரும் ஸ்ரீராக 'எந்தரோ மகானுபாவுலு'. எத்தனையோ மகான்கள், அத்தனை பேருக்கும் வணக்கம் என்று சொல்கிற பாட்டு. மற்ற நாலையும் கேட்க நேரமில்லை என்றாலும் இதை விடாதீர்கள்.

எந்த மாசம் போவது

ஆராதனை சமயத்தில் போகவேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆராதனையின் முக்கிய நாளான பஞ்சமி அன்று கூட்டத்தில் நாகரத்தினம்மாள் பக்கம் நின்று நிதானமாகப் பார்ப்பது நடக்காத காரியம். முதலில் ஒரு சாதாரண நாளில் போய் இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் ஆராதனைக்குப் போங்கள்.

சாதாரண நாள் என்றால் தை பிற்பாதியும் மாசியும் சுகம். காலையில் லேசான குளிர், பகலிலும் வெயில் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை கொட்டும், போட்ட திட்டமெல்லாம் கலைந்துவிடும். சித்திரை, வைகாசி வெயில் பொல்லாதது. ஆனால் அவர் மறைந்தது 1952 மே 19. அந்தத் தேதியில்தான் போவேன் என்று மனசில் வைத்திருந்தால் குடையும் தண்ணீருமாகப் போய், பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டு நிழலுக்கு வந்துவிடுங்கள்.

காவிரியில் தண்ணீர் பார்க்கவேண்டும் என்றால் வேறு கணக்கு. மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அணையில் நீர் இருப்பைப் பொறுத்து இது முன்னே பின்னே போகும். ஆவணி, புரட்டாசியில் போனால் ஆறு நிறைய ஓடுவதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். கோடையில் வெறும் மணல்தான். ஆடி அமாவாசையன்று ஐயாறப்பர் கோயிலில் அப்பர் கயிலைக் காட்சி விழா, ஆடிப்பெருக்கன்று படித்துறை முழுக்க ஜனம். இரண்டுமே பார்க்கவேண்டியவை, ஆனால் இந்தப் பயணத்துக்கு அந்த நாட்கள் ஆகாது.

போய்ச் சேருவது

தஞ்சாவூரில் தங்குவதுதான் வசதி. திருவையாற்றில் தங்கும் இடம் குறைவு. தஞ்சையில் எல்லா விலையிலும் அறை கிடைக்கும். சென்னையிலிருந்து இரவு ரயில் உழவன் எக்ஸ்பிரஸ், காலையில் தஞ்சாவூரில் இறக்கிவிடும். பகலில் வர விரும்பினால் சோழன் இருக்கிறது, கும்பகோணம் வழியாக வரும். விமானத்தில் வருகிறவர்கள் திருச்சியில் இறங்கி வரவேண்டும், சுமார் 60 கிலோமீட்டர்.

தஞ்சையிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். பழைய பேருந்து நிலையத்தில் அடிக்கடி பஸ் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காரிலும் போகலாம், ஆனால் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துப் போவதே நல்லது, காரணம் அந்த வழி. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி என்று ஐந்து ஆற்றையும் பாலம் பாலமாகத் தாண்டித்தான் போகவேண்டும். சின்னப் பாலங்களில் ஆறு எது, வாய்க்கால் எது என்று புரியாமல் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் 'அண்ணே, இது எந்த ஆறு?' என்று கேட்டால் போதும், அந்த ஆற்றில் தண்ணீர் வந்த கதை வராத கதை எல்லாம் சேர்த்துச் சொல்வார். கண்டியூர் தாண்டினதும் காவிரிப் பாலம், பாலம் ஏறி இறங்கினால் திருவையாறு.

காலை ஏழு, ஏழரைக்குள் ஊரில் இருக்கும்படி கிளம்புங்கள். நடுப்பகலில் நடை சாத்தி மாலை நாலு மணி வாக்கில் திறப்பது இந்தப் பக்கத்துக் கோயில்களின் வழக்கம். பதினொன்றரைக்கு வந்து இறங்கினால் வெயிலில் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஊருக்குள்

நேராகச் சமாதிக்குப் போய்விடாதீர்கள். முதலில் திருமஞ்சன வீதி. தியாகராஜர் வாழ்ந்த வீடு இருந்த இடம் அங்கேதான். பழைய ஓட்டு வீடு, திண்ணை என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். இப்போது இருப்பது புதிதாகக் கட்டிய நினைவில்லம். எனக்கென்னவோ பழையதை அப்படியே காப்பாற்றியிருக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனாலும் தெரு அதே தெரு. காலையில் உஞ்சவிருத்தி எடுத்து, அதாவது வீடு வீடாக அரிசி வாங்கி, பாடிக்கொண்டே அவர் நடந்த வீதி. ஆராதனையன்று காலையில் உஞ்சவிருத்தி பஜனை இந்த வீட்டிலிருந்து புறப்பட்டுத்தான் சமாதிக்குப் போகும். நீங்களும் அதே மாதிரி வீட்டிலிருந்து சமாதிக்கு நடந்தே போங்கள், நடக்கிற தூரம்தான்.

போகிற வழியில் ஐயாறப்பர் கோயிலைப் பார்த்துவிடலாம். கோயில் பெரிசு, முழுசாகப் பார்க்க அரை நாள் போதாது. இன்றைக்கு அம்மன் சந்நிதியும் பிராகாரமும் போதும். அறம்வளர்த்த நாயகி என்கிற தர்மசம்வர்த்தினி மேல் தியாகராஜர் பாடியிருக்கிறார். ராமரை மட்டுமே பாடினவர் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வெளிப் பிராகாரத்தில் ஓர் இடத்தில் நின்று 'ஐயாறப்பா' என்று கூப்பிட்டால் குரல் பலமுறை திரும்பி வரும். அங்கே குழந்தைகள் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள், இடத்தைத் தேடவேண்டிய வேலையே இருக்காது. வடகயிலாயம் என்கிற தனிக் கோயில் ராஜராஜனுடைய ராணி உலோகமாதேவி எடுப்பித்தது. அந்தக் காலத்து ராணிக்குக் கல்வெட்டு இருக்கிறது, ஒரு பாடகி ஆற்றங்கரையில் கட்டியதைப் பலர் இப்படி ஆள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அப்புறம் சமாதி. காவிரியின் வடகரையில், ஆற்றை ஒட்டி. யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஆராதனைக்குப் பந்தல் போடுகிற வெட்டவெளி மற்ற நாட்களில் வெறிச்சென்று கிடக்கும். தொலைக்காட்சியில் பார்த்த பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து வந்தவர்கள், 'இவ்வளவுதானா?' என்று கேட்பது உண்டு. ஆமாம், அவ்வளவுதான். சின்னச் சந்நிதி. உள்ளே தியாகராஜர் கல் சிலை. சுவர்களில் அவருடைய கீர்த்தனைகளைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று சுற்றிவந்து அதைப் படியுங்கள். நீங்கள் கேட்டுப் பழகின பாட்டு ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே கொஞ்சம் முணுமுணுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இங்கே வருகிறவர்கள் பாடுவது சகஜம். நன்றாகப் பாடுகிறோமா என்று கவலைப்படவேண்டாம்.

சுற்றும்போது சந்நிதியின் பின்பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பலகை எதுவும் தேடாதீர்கள். 1927-ல் பெண்கள் கட்சி தனியாக ஆராதனை நடத்தியது பின்பக்கத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். முன்னால் ஆண்கள் கச்சேரி, பின்னால் கோயிலைக் கட்டினவரும் அவரோடு வந்த பெண்களும். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தேவதாசி மரபில் வந்தவர்கள். அதே 1927-ல்தான் சென்னையில் தேவதாசிகள் சங்கம் கூடி, தேவதாசி முறையை ஒழிக்கும் சட்ட முயற்சியை எதிர்த்துப் பேசியது. அதிலும் நாகரத்தினம்மாள் முன்னணியில் இருந்தார். அவருடைய நிலைப்பாட்டோடு நாம் ஒத்துப்போகவேண்டும் என்பதில்லை. அந்த முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய முத்துலட்சுமி ரெட்டி பக்கத்து நியாயம் பெரிய நியாயம். ஆனால் ஒரு பக்கம் சட்டசபை, இன்னொரு பக்கம் ஆற்றங்கரை வித்வான்கள் என்று இரண்டு இடத்திலும் ஒரே வருஷத்தில் நின்றிருக்கிறார் என்பது லேசான விஷயம் இல்லை.

இப்போது அவரிடம் வருவோம். தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி நாகரத்தினம்மாளின் சமாதி. அங்கே சிலையாக உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையும் குவிந்திருக்கும். முதலில் சிலைக்கு முன்னால் நின்று பாருங்கள். அப்புறம் அவருடைய பக்கமாகப் போய் நின்று, அவர் பார்க்கிற திசையில் பாருங்கள். குரு நேர்ப்பார்வையில் இருப்பார். இந்த இடம் இப்படி அமைந்தது தற்செயல் இல்லை. சமாதியைவிட்டுப் போக மனமில்லாமல் கடைசிக் காலத்தில் திருவையாற்றிலேயே குடியிருந்தவர், தன் சொத்தையும் இந்த இடத்துக்கே எழுதிவைத்தவர். பூ வாங்கிப் போகிறவர்கள் இரண்டு பேருக்குமாக வாங்கிக்கொண்டு போங்கள். தியாகராஜருக்கு மாலை போட ஆள் உண்டு. இந்தப் பக்கம் ஒரு முழம் மல்லிகை வைத்தால் அது தனியாகத் தெரியும்.

குருக்களோ, பார்த்துக்கொள்கிறவர்களோ இருந்தால் பேச்சுக் கொடுங்கள். 'ஐயா, நாகரத்தினம்மாளைப் பார்க்கத்தான் வந்தோம்' என்று சொல்லிப் பாருங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சந்நிதிக்குள் எடுக்காமல் இருப்பதே மரியாதை. நாகரத்தினம்மாளைப் படம் எடுக்கக் காலை வெளிச்சம் நல்லது.

கடைசியாகப் படித்துறை. தண்ணீர் ஓடினால் காலை நனைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தெரியாத இடத்தில் இறங்கவேண்டாம்; அணை திறந்திருக்கும் மாசங்களில் இழுப்பு அதிகம். தியாகராஜருடைய ராமர் விக்கிரகங்களை அண்ணன் தூக்கிக் காவிரியில் எறிந்தார் என்று சொல்லும் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். கதை எவ்வளவு நிஜமோ, ஆறு என்னவோ இதுதான்.

இவ்வளவும் முடிக்கக் காலை ஏழரையிலிருந்து பதினொன்று வரை ஆகும். பசிக்கும். கடைத்தெருவுக்கு வந்து அசோகா சாப்பிடுங்கள். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யுமாகக் கிளறின அல்வா, சூடாக வாழையிலையிலோ தட்டிலோ வைத்துத் தருவார்கள். ஆண்டவர் கடை பேர்போனது. கையில் ஒட்டுகிற நெய்யைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கூடக் கொஞ்சம் காராசேவு வாங்கிக்கொண்டால் திகட்டாது. ஊருக்கு வாங்கிப் போவதாக இருந்தால் திரும்புகிற அன்றைக்கு வாங்குங்கள், முதல் நாளே வாங்கி அறையில் வைக்கவேண்டாம்.

ஆராதனைக்குப் போனால்

தேதி ஆங்கில மாசத்துக்கு நிலையாக வராது. புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது சந்திரனை வைத்துக் கணக்கிடுகிற புஷ்ய மாசத்துத் தேய்பிறை பஞ்சமி. 2024-ல் ஜனவரி 30, 2025-ல் ஜனவரி 18, 2026-ல் ஜனவரி 7. பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியை முடிவு செய்ததும் முதல் வேலையாகத் தஞ்சையில் அறை பிடியுங்கள், ரயில் டிக்கெட்டுக்கு அப்புறம் வரலாம். பொங்கல் ஒட்டி வந்துவிட்டால் இரண்டுமே கஷ்டம். பஞ்சமியன்று தஞ்சை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம் என்பதால் உள்ளூர்க் கூட்டமும் சேரும்.

விழா சில நாட்கள் நடக்கும், பஞ்சமியன்று முடியும். என்னைக் கேட்டால் பஞ்சமிக்கு முந்தின நாளே வந்துவிடுவது உத்தமம். அன்றைக்கு மேடையில் ஒருவர் மாற்றி ஒருவராகக் கொஞ்சக் கொஞ்ச நேரம் பாடிவிட்டு இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பேர்பெற்ற வித்வானுக்கு அடுத்ததாக யாரென்றே தெரியாத ஒரு பெண் வந்து ஒரே ஒரு கீர்த்தனையை அப்படியே உருக்கிவிட்டுப் போவாள். யார் எப்போது என்று பட்டியல் பார்க்காமல் மணலில் உட்கார்ந்து கேளுங்கள். விரிக்க ஒரு போர்வை, பனிக்கு ஒரு சால்வை, தண்ணீர் பாட்டில். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

பஞ்சமி காலை ஒன்பது மணிக்குப் பஞ்சரத்னம் ஆரம்பிக்கும். பந்தலுக்குள் உட்கார இடம் வேண்டும் என்றால் ஏழு மணிக்கே போய்விடவேண்டும். பாடுகிறவர்கள் சந்நிதிக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும் உட்காருவார்கள், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு வரிசை இது: நாட்டையில் 'ஜகதானந்தகாரக', கௌளையில் 'துடுகுகல', ஆரபியில் 'சாதிஞ்சனே', வராளியில் 'கனகனருசிரா', ஸ்ரீயில் 'எந்தரோ'. ஐந்தும் ஆதி தாளம். முதலாவது மட்டும் சமஸ்கிருதம், மற்றதெல்லாம் தெலுங்கு. வராளியைக் குரு நேரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாமல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அதனாலோ என்னவோ நாலாவது பாட்டில் கூட்டத்தின் குரல் கொஞ்சம் இறங்கும். ஐந்தாவதில் எல்லாருமே பாடுவார்கள்.

அந்த நேரத்தில் சந்நிதியில் அபிஷேகம் நடக்கும். எல்லோர் பார்வையும் அங்கேயோ, பிரபலமானவர்கள் உட்கார்ந்திருக்கும் முன்வரிசையிலோதான் இருக்கும். நீங்கள் பெண்கள் பக்கத்து வரிசைகளைப் பாருங்கள், எத்தனை பேர் என்று. கூட்டம் கலைந்து ஒரு மணி நேரம் கழித்து நாகரத்தினம்மாள் சமாதிக்குப் போங்கள். அதற்கு முன்னால் போனால் நெரிசலில் நிற்க முடியாது.

வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பஞ்சமியைத் தவிர்த்து, இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மாலையில் அழைத்துப் போங்கள். பாட்டு அதே பாட்டுத்தான், உட்கார இடமும் கிடைக்கும்.

மறுநாள் கைவசம் இருந்தால்

தஞ்சையிலேயே இருக்கலாம். மேலவீதியில் பங்காரு காமாட்சி கோயில். தியாகராஜர் காலத்து இசை மேதை சியாமா சாஸ்திரி பூஜை செய்த அம்மன். அதே வீதியில் தஞ்சை நால்வர் என்கிற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களின் வீடு. இன்று பரதநாட்டியத்தில் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கிற முறையை வகுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். குடும்பத்தார் இருக்கிற வீடு என்பதால் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவதுதான் முறை, உள்ளே போகக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். அரண்மனையில் சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தைப் பார்க்கும்போது முத்துப்பழனியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் காவியம் எழுதின அவை இந்த ஊர் மராட்டிய அவைதான். வீணை செய்கிறவர்களையும் பார்க்கலாம். பலாமரத்தைக் குடைந்து குடமாக்குவதிலிருந்து தந்தியை அழுத்துகிற மெட்டுகளை மெழுகில் பதிப்பது வரை கைவேலை. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பட்டறையில் வேலை நடக்கும்போது ஓரமாக நின்று பார்க்க யாரும் தடை சொல்வதில்லை, ஆனால் ஒருமணி நேரம் பார்த்துவிட்டுச் சும்மா வராதீர்கள், சின்னதாக ஏதாவது வாங்குங்கள்.

திருவாரூருக்கும் போய்வரலாம், ரயிலோ பஸ்ஸோ, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளான சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசுவாமி தீட்சிதர் 1775 என்று மூன்று பேரும் பதிமூன்று வருஷத்துக்குள் அந்த ஒரே ஊரில் பிறந்திருக்கிறார்கள். மூன்று வீடுகளும் நினைவிடங்களாக இருக்கின்றன. தியாகேசர் கோயிலில் ஐந்து முகம் கொண்ட ஐமுக முழவம் என்கிற தாளக்கருவியையும் கேட்டுப் பார்த்துவிடுங்கள். நாகரத்தினம்மாளுக்காக வந்தவர்களுக்கு திருவாரூர் கட்டாயம் இல்லை, நேரம் இருந்தால் சரி.

அவர் தடத்தையே இன்னும் பிடித்துப் போக ஆசையென்றால் தஞ்சாவூரிலிருந்து மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இரவில் ஏறினால் காலையில் மைசூர். அங்கிருந்து நஞ்சன்கூடு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். கபினி ஆற்றங்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் உள்ள ஊர். அவருக்கென்று தனியாக ஒரு நினைவிடம் எதிர்பார்த்துப் போகவேண்டாம். கோயிலையும் ஆற்றையும் பார்த்துவிட்டு வரலாம். திங்கட்கிழமை கூட்டம் அதிகம், வேறு நாளில் போங்கள்.